மனநோய் மருத்துவமும் ஆராய்ச்சி இதழ்களும்

ஒரு மருத்துவர் தம் வாழ்நாள் முழுவதும் ஓய்வின்றி உழைத்தாலும், ஒரு குறிப்பிட்ட நோயை உடையவர்களுள் சில நூறு பேரையே நேரிற் காண முடியும். தாம் கண்ட அந்தச் சிலரை மட்டுமே கொண்டு அவர் மருத்துவம் செய்வதாயின், ஒவ்வொரு மருத்துவரும் முதலிலிருந்தே எல்லாவற்றையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். அதற்குள் நோயாளிகள் பலர் மாண்டு போவர். ஆகவே அவர் தமக்கு வேண்டிய அறிவின் பெரும்பகுதியைப் பிறரிடமிருந்தே பெறுகிறார். கல்லூரியில் ஆசிரியர் வாயிலாகப் பெறுவது ஒரு பகுதி. கல்லூரியை விட்டு வெளியேறிய பின்பு, நாற்பது ஆண்டுக் காலத் தொழிலில் அவருக்குத் துணை நிற்பவை நூல்களும் ஆராய்ச்சி இதழ்களுமே ஆகும்.

இவ்வுண்மை மருத்துவத்தின் எல்லாத் துறைகளுக்கும் பொதுவானது. ஆயினும் மனநோய் மருத்துவத்திற்கு அது இன்னும் ஒருபடி மிகுதியாகப் பொருந்தும். காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. எலும்பு முறிவைக் காட்ட எக்ஸ் கதிர்ப் படம் உண்டு. நீரிழிவை அறியக் குருதிச் சோதனை உண்டு. மனச்சோர்வையோ மனச்சிதைவையோ இவ்வாறு கருவி கொண்டு அறுதியிட இன்றும் இயலவில்லை. நோயாளி என்ன சொல்கிறார், எவ்வாறு உறங்குகிறார், எதை அஞ்சுகிறார், சென்ற ஆண்டில் எவ்வாறிருந்தார் என்பவற்றை உற்று நோக்கியே மருத்துவர் நோயைத் தீர்மானிக்கிறார். ஒருவர் கண்டதை மற்றவர் அறிய வேண்டுமானால் அதைச் சொல்லில் வடித்தே ஆகவேண்டும். எனவே இத்துறையில் எழுத்து என்பது மருத்துவரின் கருவிகளுள் ஒன்றாகவே அமைந்துவிட்டது.

இதனை முன்னோர் விரைவில் உணர்ந்தனர். 1843-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் மனநோய் மருத்துவத்திற்கென்றே ஒரு பிரெஞ்சு இதழ் தோன்றியது. அதற்கு மறு ஆண்டில், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து யூட்டிக்கா என்னும் ஊரில் இருந்த மனநோய் விடுதியின் தலைவர் அமரையா பிரிகாம் என்பார் மற்றோர் இதழைத் தொடங்கினார். அவ்விடுதிக்குள்ளேயே ஓர் அச்சுக்கூடம் இருந்தது. அங்கே எழுத்துக் கோத்து அச்சிடும் பணியில் நோயாளிகளும் பங்கு கொண்டனர். 1921-இல் பெயர் மாற்றம் பெற்ற அவ்விதழ் இன்றும் உலகின் முன்னணி மனநோய் மருத்துவ இதழ்களுள் ஒன்றாக விளங்குகிறது. இங்கிலாந்தில் 1853-இல் தோன்றிய இதழ், 1963 முதல் பிரிட்டிஷ் மனநோய் மருத்துவ இதழ் என்னும் பொருள்படும் பெயரால் வழங்கி வருகிறது. நம் நாட்டில், இந்திய மனநோய் மருத்துவச் சங்கம் 1947-இல் நிறுவப்பெற்றது. அதன் இதழ் 1949-இல் வெளிவரலாயிற்று.

ஆராய்ச்சி இதழில் ஒரு கட்டுரை வெளிவரும் முறையை மாணவர்கள் தெரிந்துகொள்வது நலம். ஆராய்ந்தவர் தாம் செய்ததையும் கண்டதையும் எழுதி இதழாசிரியருக்கு அனுப்புகிறார். இதழாசிரியர் அதனை அத்துறையில் வல்ல இருவர் அல்லது மூவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கிறார். நோயாளிகள் எவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டனர், மருந்தின் அளவு என்ன, குணமடைந்தார் என்று எதனைக் கொண்டு கூறப்பட்டது, கூறிய முடிவு கண்ட சான்றுக்கு ஏற்றதுதானா என்று அவர்கள் வினவுவர். குறை நீக்கப் பெற்ற பின்னரே கட்டுரை அச்சேறும். இத்தனை கட்டுப்பாட்டிற்கும் நோக்கம் ஒன்றே. எழுதியவரை ஒருபோதும் கண்டிராத ஒருவர், வேறொரு நாட்டில், அதே செயலை அவ்வாறே செய்து பார்த்து, உண்மையா பொய்யா எனத் தாமே தெளிவதற்கு இடமிருக்க வேண்டும். அச்சேறிய கட்டுரை முடிந்த முடிபு என்று கருதுதல் தவறு. அது உலகத்தார் முன் வைக்கப்பட்ட ஒரு வாக்குமூலம். விசாரணை அதன்பிறகே தொடங்குகிறது.

இவ்விசாரணை எவ்வாறு நடந்தேறும் என்பதற்கு லித்தியம் என்னும் மருந்தின் வரலாற்றைப் போலச் சிறந்த எடுத்துக்காட்டு வேறொன்று இல்லை எனலாம்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரைச் சார்ந்த பண்டூரா என்னுமிடத்தில், போர் வீரர்களுக்கான மனநோய் மருத்துவமனை ஒன்றில் ஜான் கேட் என்னும் மருத்துவர் பணியாற்றி வந்தார். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியரிடம் சிறைப்பட்டுச் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் மூன்றரை ஆண்டுகள் கழித்தவர் அவர். பெரிய ஆய்வுக்கூடம் அவருக்கு இல்லை. ஆராய்ச்சியில் முறையான பயிற்சியும் இல்லை. மருத்துவமனையில் பயன்படாதிருந்த ஒரு சமையற்பகுதியே அவருக்கு ஆய்வுக்கூடமாயிற்று.

பித்துக் கிளர்ச்சி என்பது ஒருவகை மனநோய். அதற்கு ஆளானவர் உறக்கமின்றி, ஓய்வின்றி, எல்லையற்ற களிப்போடும் சினத்தோடும் பேசிக்கொண்டும் ஓடிக்கொண்டும் இருப்பர். அந்நோய் பலருக்குத் தணிந்து, பின்னர் கடும் மனச்சோர்வாக மாறும்; சிலகாலம் கழித்து மீண்டும் கிளர்ச்சியாகத் திரும்பும். இக்காலத்தில் இதனை இருதுருவ மனநோய் என்கின்றனர். உடலில் ஏதோ ஒரு நச்சுப்பொருள் மிகுவதால் இக்கிளர்ச்சி தோன்றுகிறது என்று கேட் ஐயுற்றார். நோயாளிகளின் சிறுநீரைக் கினிப் பன்றிகளுக்கு ஊசிவழிச் செலுத்திப் பார்த்தார். அதன் தொடர்ச்சியாக யூரிக் அமிலத்தின் விளைவை ஆராய விரும்பினார். ஆனால் அது நீரில் எளிதிற் கரையவில்லை. அதன் உப்புக்களுள் நன்றாகக் கரைவது லித்தியத்தோடு சேர்ந்த உப்பு என்பதனால் அதனைக் கையாண்டார். நச்சுத்தன்மை எதிர்பார்த்ததினும் குறைந்து காணப்பட்டது. பின்னர் லித்தியம் கார்பனேட்டை மட்டும் செலுத்தியபோது, துள்ளித் திரியும் இயல்புடைய கினிப் பன்றிகள் சிலமணி நேரம் அமைதியுற்றுக் கிடந்தன. மல்லாக்கக் கிடத்தினும் அவை மருண்டு புரளவில்லை.

கேட் அம்மருந்தைத் தாமே உட்கொண்டு பார்த்தார். தீங்கின்மையை ஓரளவு அறிந்தபின், 1948-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், ஐந்தாண்டுகளாக இடையறாத கிளர்ச்சியில் உழன்ற ஐம்பத்தொரு வயது நோயாளி ஒருவருக்கு அதனைக் கொடுக்கத் தொடங்கினார். மீள வழியில்லை என்று கைவிடப்பட்டிருந்த அம்மனிதர் சில வாரங்களில் தெளிவடைந்து, சில மாதங்களில் வீடு திரும்பித் தம் பழைய வேலையையும் மேற்கொண்டார். மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பியது. மீண்டும் மருந்து கொடுத்ததும் தணிந்தது.

பித்துக் கிளர்ச்சியுடைய பத்துப் பேர், மனச்சிதைவுடைய ஆறு பேர், மனச்சோர்வுடைய மூவர் ஆகியோருக்கு அம்மருந்தைக் கொடுத்துக் கண்ட பயனைக் கேட் ஒரு கட்டுரையாக எழுதினார். 1949-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் அது வெளிவந்தது. அதன் நீளம் நான்கே பக்கம். யாருக்குப் பயன் விளைந்தது, யாருக்கு விளையவில்லை, எந்த அளவில் தீய அறிகுறிகள் தோன்றின என்பவை அனைத்தும் அதில் உள.

இங்கே ஒன்றைக் கருத்திற் கொள்ள வேண்டும். யூரிக் அமிலம் பற்றிக் கேட் கொண்ட கொள்கை பின்னர் நிலைபெறவில்லை. கினிப் பன்றிகள் அமைதியுற்றது மருந்தின் நற்பயனாக இராமல், நஞ்சு ஏறியதன் அறிகுறியாகவே இருந்திருக்கலாம் என்றும் பிற்காலத்தார் கருதினர். காரணம் பற்றிய கருத்துப் பிழையாயினும், நோயாளியிடம் கண்ட விளைவு மெய்யாக இருந்தது. அவர் ஒவ்வொரு படியையும் மறைக்காமல் எழுதி வைத்ததனாலன்றோ பின்வந்தோர் அவ்விரண்டையும் பிரித்தறிய முடிந்தது?

மருந்தின் வழியில் உடனே ஒரு தடை நின்றது. அதே 1949-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில், இதய நோயாளிகள் சமையல் உப்புக்கு மாற்றாக லித்தியம் குளோரைடை உணவிற் சேர்த்துக்கொண்டனர், அதனால் பலர் நஞ்சேறித் துன்புற்றனர், சிலர் இறந்தனர். அரசாங்கம் அதன் விற்பனையைத் தடுத்தது. உடலில் சோடியம் குறையும்போது சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிக்கொள்கிறது. உப்பை விலக்கிய இதய நோயாளிகளுக்கு அது கொடிய நஞ்சாக முடிந்ததன் காரணம் இதுவே. கேட்டின் முதல் நோயாளியும் 1950-இல் லித்தியத்தின் நச்சு விளைவால் உயிர் நீத்தார். கேட் மனமுடைந்து, அம்மருந்தைத் தம் பொறுப்பிலிருந்த இடத்தில் நிறுத்தியே விட்டார்.

கேட் நிறுத்தினார், அவருடைய கட்டுரை நிற்கவில்லை. மெல்போர்ன் நகரிலேயே எட்வர்டு டிராட்னர் என்பவரும் நோக் என்பவரும் அதனைப் படித்து, நூற்றுக்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு லித்தியம் கொடுத்து, 1951-இல் தம் முடிவை அதே இதழில் வெளியிட்டனர். சுடர் ஒளிமானி என்னும் கருவியைக் கொண்டு குருதியில் லித்தியம் எவ்வளவு உள்ளது என்று அளக்கும் முறையும் வழக்கிற்கு வந்தது. நோயைத் தணிக்கும் அளவுக்கும் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது என்பதும், குருதியை அடிக்கடி அளந்து பார்த்தால் அந்த இடைவெளிக்குள்ளே நோயாளியைக் காப்பாற்றலாம் என்பதும் இதனால் தெளிவாயின.

அடுத்த படி டென்மார்க்கு நாட்டில் நிகழ்ந்தது. அங்கே ஆர்ஹுஸ் நகரில் மனநோய் மருத்துவப் பேராசிரியராக இருந்த எரிக் ஸ்ட்ரோம்கிரென், ஆஸ்திரேலியக் கட்டுரைகளைப் படித்துத் தம்மிடம் பணியாற்றிய மோகன்ஸ் ஷூ என்னும் இளைஞரின் பார்வைக்குக் கொண்டுவந்தார். ஷூவுக்கு அந்நோய் ஏட்டில் மட்டும் கண்ட நோயன்று. அவருடைய உடன்பிறந்தார் ஒருவர் பல ஆண்டுகளாக மீண்டும் மீண்டும் மனச்சோர்வுக்கு ஆளாகி வந்தார் என்பதை ஷூவே பின்னாளில் வெளிப்படையாகக் கூறினார். அவர் ஆராய்ச்சியை நடத்திய முறை குறிப்பிடத்தக்கது. நோயாளிகளுள் ஒரு பகுதியினருக்கு, நாணயத்தைச் சுண்டிப்போட்டு அதன்படி மெய்ம்மருந்தோ போலி மாத்திரையோ கொடுத்தனர். மருத்துவரின் விருப்பு வெறுப்பு முடிவில் கலவாதிருத்தற்கே இவ்வேற்பாடு. 1954-இல் இம்முடிவுகள் இங்கிலாந்து இதழ் ஒன்றில் ஆங்கிலத்தில் வெளியாயின.

பின்னர் 1960-களில், இங்கிலாந்தில் ஹார்ட்டிகன் என்பவரும் டென்மார்க்கில் பாஸ்ட்ரூப் என்பவரும், ஒருவரையொருவர் சாராமல், புதிய செய்தி ஒன்றைக் கண்டனர். லித்தியம் வந்த கிளர்ச்சியைத் தணிப்பதோடு அமையாது, தொடர்ந்து உண்டுவந்தால் நோய் திரும்பி வருவதையே தடுக்கிறது என்பது அச்செய்தி. 1967-இல் பாஸ்ட்ரூப்பும் ஷூவும் எண்பத்தெட்டு நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்து எழுதிய கட்டுரை அமெரிக்க இதழில் வந்தது. மறு ஆண்டே, லண்டனில் பிளாக்வெல், ஷெப்பர்டு என்னும் இருவர், இத்தடுப்புப் பயன் வெறும் கட்டுக்கதையாக இருத்தல் கூடும் என்று லான்செட் இதழில் கடுமையாக மறுத்து எழுதினர். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை, நோக்கியவர்கள் மருந்தில் நம்பிக்கை உடையவர்கள் என்பன அவர்கள் கூறிய குறைகள்.

இத்தகைய மறுப்பு எழுந்தால் என்ன செய்வது? சினந்து பேசுவதால் பயனில்லை. டென்மார்க்கு மருத்துவர்கள், லித்தியத்தால் நலமாயிருந்த எண்பத்துநான்கு நோயாளிகளை இரு பகுதியாக்கினர். ஒரு பகுதியினருக்கு மருந்தும் மற்றவர்களுக்குப் போலி மாத்திரையும் கொடுக்கப்பட்டன. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, சோதிக்கும் மருத்துவர்க்கும் தெரியாது. போலி மாத்திரை பெற்றவர்களுள் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் திரும்பியது. லித்தியம் பெற்றவர்களுள் ஒருவருக்கும் திரும்பவில்லை. மறுப்பு வெளிவந்த அதே லான்செட் இதழில் 1970-இல் இம்முடிவு வெளிவந்தது. அமெரிக்க அரசாங்கமும் அவ்வாண்டிலேயே லித்தியத்தை மருந்தாக ஏற்றுக்கொண்டது.

நான்கு பக்கக் கட்டுரை மெல்போர்னிலிருந்து வாஷிங்டன் சென்று சேர இருபத்தோராண்டு ஆயிற்று. அதற்குக் காரணங்கள் பல. எழுதியவர் பெயரறியாத ஒருவர். வெளியிட்ட இதழை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் படித்தோர் சிலரே. லித்தியம் இயற்கையிற் கிடைக்கும் எளிய உப்பாதலின் தனியுரிமை பெற இயலாது. ஆகவே அதைப் பரப்ப எந்த மருந்து நிறுவனமும் முன்வரவில்லை. நஞ்சென்ற அவப்பெயரும் அதற்கு இருந்தது. அந்த இடைக்காலத்தில் இந்நோயால் வீட்டையும் வேலையையும் உயிரையும் இழந்தவர்களின் கணக்கை எவரும் எழுதி வைக்கவில்லை. ஆயினும், அக்கட்டுரை அச்சேறாமலே போயிருந்தால் இருபத்தோராண்டில் வந்தது எந்நாளிலும் வந்திராது என்பதையும் மறக்கலாகாது.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி உண்டு. சர்ப்பகந்தி என்னும் செடியின் வேரை நம் முன்னோர் பித்துக்கு மருந்தாகக் கையாண்டு வந்தனர். 1931-ஆம் ஆண்டில் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர், அம்மருந்து மனநோயையும் குருதிக் கொதிப்பையும் தணிப்பதை ஆராய்ந்து இந்திய மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினர். மேலைநாடு அதனைக் கவனிக்கவில்லை. 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டிஷ் இதய நோய் இதழில் குருதிக் கொதிப்பைப் பற்றி மட்டும் எழுதிய பின்னரே மேலைநாட்டார் அவ்வேரின்மீது கண் வைத்தனர். 1952-இல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்பின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. 1954-இல் நியூயார்க்கில் நேதன் கிளைன் என்பவர் அதனை மனநோய்க்குக் கொடுத்துக் கட்டுரை வெளியிட்டார். தீய விளைவுகள் மிகுதியாக இருந்தமையால் மனநோய் மருத்துவத்தில் ரெசர்பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. எனினும் உண்மை அச்சேறியிருந்தும், அச்சேறிய இடம் பற்றி அது இருபது ஆண்டுக்கு மேல் உறங்கியது என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

இடத்தைப் போலவே மொழியும் தடையாவதுண்டு. மனச்சிதைவுக்கு முதன்முதற் பயன்பட்ட குளோர்புரோமசின் என்னும் மருந்தைப் பற்றிப் பாரிஸ் நகர மருத்துவர்களாகிய டிலே, டெனிக்கர் என்போர் 1952-இல் பிரெஞ்சு மொழியிலேயே எழுதினர். கனடாவில் மாண்ட்ரியல் நகரில் பணியாற்றிய ஹைன்ஸ் லேமன் பிரெஞ்சு அறிந்தவராதலால் அக்கட்டுரைகளை உடனே படித்துத் தம் நோயாளிகளுக்கு அம்மருந்தைக் கொடுத்தார். 1954-இல் அவர் ஹான்ரஹான் என்பவரோடு சேர்ந்து ஆங்கிலத்தில் எழுதியது வட அமெரிக்கா முழுவதும் பரவிற்று. இருமொழி அறிந்த ஒருவர் பாலமாக அமைந்தார்.

இதுகாறும் கூறியவற்றால், வெளியிடுதல் எப்போதும் நன்மையே பயக்கும் என்று எண்ணிவிடலாகாது. போர்ச்சுகல் நாட்டு மருத்துவர் எகாஸ் மோனிஸ், மூளையின் முன்பகுதியில் நரம்பிழைகளை அறுத்து மனநோயைத் தீர்க்கலாம் என்று 1936-இல் பாரிஸ் நகரில் ஒரு நூல் வெளியிட்டார். அவர் சான்றாகக் காட்டியவர்கள் இருபது நோயாளிகள். அவர்களைக் கவனித்த காலமும் மிகக் குறுகியது. அவ்வாண்டிலேயே அமெரிக்காவில் ஃபிரீமன், வாட்ஸ் என்போர் அம்முறையைப் பின்பற்றத் தொடங்கினர். 1949-இல் மோனிசுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பல்லாயிரவர் மூளை அறுக்கப்பட்டு, பலர் தம் ஆளுமையையே இழந்த பின்னர்தான் அம்முறை வழக்கொழிந்தது. லித்தியத்தைப் பற்றிய செய்தி மெல்லச் சென்றது. அறுவையைப் பற்றிய செய்தி விரைந்து சென்றது. விரைவு ஒன்றே பெருமையாகாது என்பதும், கடுமையான வினாக்களை எழுப்புவோர் இல்லாத இடத்தில் அச்சு தீங்குக்கும் துணை போகும் என்பதும் இதனால் விளங்கும்.

மற்றொரு தீங்கு கண்ணுக்குத் தெரியாதது. வெற்றியை மட்டும் வெளியிட்டுத் தோல்வியைப் பெட்டிக்குள் பூட்டி வைத்தலே அது. மனச்சோர்வுக்கான மருந்துகளைப் பற்றி அமெரிக்க அரசின் மருந்து ஆணையத்தில் பதிவான 74 ஆய்வுகளை எரிக் டர்னர் முதலியோர் எடுத்து, அவை இதழ்களில் எவ்வாறு வந்தன என்று ஒப்பிட்டு 2008-இல் வெளியிட்டனர். மருந்து பயன் தந்தது என்று ஆணையம் கொண்ட ஆய்வுகள் 38. அவற்றுள் 37 அச்சேறின. பயன் தரவில்லை அல்லது ஐயத்திற்குரியது என்று கொண்டவை 36. அவற்றுள் 22 அச்சேறவேயில்லை. 11 ஆய்வுகள் பயன் உண்டு என்று தோன்றும்படி எழுதப்பட்டன. உள்ளது உள்ளவாறு வெளிவந்தவை மூன்றே. இதழ்களை மட்டும் படித்த மருத்துவர், ஏறக்குறைய எல்லா ஆய்வுகளும் வெற்றி கண்டன என்று நம்பியிருப்பார். உண்மையில் வென்றவை ஏறத்தாழப் பாதியே. அம்மருந்துகள் பயனற்றவை என்பது இதன் பொருளன்று. இதழ்கள் காட்டிய அளவுக்குப் பயனுடையவை அல்ல என்பதே பொருள். இக்குறையை நீக்கவே, மருந்தாய்வு தொடங்கும்போதே பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும், பதியாத ஆய்வை அச்சிடுவதில்லை என்று முன்னணி மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் 2005 முதல் விதி வகுத்தனர். இந்தியாவில் இத்தகைய பதிவேடு 2007-இல் திறக்கப்பட்டது. 2009-இல் பதிவு கட்டாயமாக்கப்பட்டது.

இனி, எழுதுவோர் யார், படிப்போர் யார் என்னும் வினா எஞ்சி நிற்கிறது. விக்ரம் பட்டேல், இலங்கையைச் சேர்ந்த அதுல சுமதிபாலா என்னும் இருவர் ஆறு முன்னணி மனநோய் மருத்துவ இதழ்களை ஆராய்ந்து 2001-இல் ஒரு கட்டுரை எழுதினர். உலக மக்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் வாழும் பகுதிகளிலிருந்து வந்த கட்டுரைகள் நூற்றுக்கு ஆறே என்று அவர்கள் கண்டனர். இது வெறும் பெருமை பற்றிய குறையன்று. உலக நலவாழ்வு நிறுவனம் ஆக்ரா, இபாதான், காலி, லண்டன், மாஸ்கோ முதலிய ஒன்பது இடங்களில் நடத்திய மனச்சிதைவு ஆய்வினால், நோயின் அடையாளங்கள் எங்கும் ஏறத்தாழ ஒத்திருப்பினும், அதன் போக்கு இடத்திற்கு இடம் வேறுபடுகிறது என்பது தெரியவந்தது. சென்னையில் 1980-களின் தொடக்கத்தில் நோய் புதிதாகத் தோன்றிய தொண்ணூறு பேரைத் தெரிந்தெடுத்து, இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து, அம்முடிவைத் தாரா என்னும் மருத்துவ அறிஞர் 2004-இல் கனடா நாட்டு இதழில் வெளியிட்டார். நோயாளி குடும்பத்தோடு வாழும் ஊரில் நோய் எவ்வாறு செல்கிறது என்பதை அவ்வூரில் இருப்போர் எழுதாவிடில் வேறு யார் எழுதுவர்?

படிப்பதற்கும் தடை உண்டு. பல இதழ்களின் ஆண்டுச் சந்தா ஏழை நாட்டுக் கல்லூரி ஒன்றின் நூலக நிதியையே விழுங்கிவிடும். 2002-இல் உலக நலவாழ்வு நிறுவனமும் பெரிய வெளியீட்டாளர்களும் சேர்ந்து, மிகவும் ஏழை நாடுகளின் மருத்துவ நிலையங்களுக்கு இதழ்களை இலவசமாகவோ குறைந்த விலையிலோ தரும் திட்டம் ஒன்றைத் தொடங்கினர். இந்திய அரசாங்கம், நாடு முழுவதற்கும் ஒரே சந்தா என்னும் திட்டத்தை 2025-ஆம் ஆண்டு சனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிலையங்களின் மாணவர்கள் இதன்வழிப் படிக்கலாம். எல்லோரும் விலையின்றிப் படிக்கத்தக்க இதழ்களும் பெருகியுள்ளன. ஆனால் அவற்றுட் பல, படிப்பவரிடம் வாங்காத பணத்தை எழுதுபவரிடம் வாங்குகின்றன. அதனால் ஏழை நாட்டு ஆராய்ச்சியாளருக்கு ஒரு கதவு திறக்க, மற்றொரு கதவு சாத்தப்படுகிறது.

மனநோய் மருத்துவர்களே இல்லாத ஊர்கள் உலகிற் பல. அங்கே நோயாளியைக் காண்பவர் பொது மருத்துவரோ செவிலியோ ஆவர். ஆராய்ச்சிக் கட்டுரையின் நடை அவர்களுக்கு உதவாது. அவர்கள் பொருட்டே, முற்கூறிய விக்ரம் பட்டேல், மனநோய் மருத்துவர் இல்லாத இடத்தில் பயன்படும் கையேடு ஒன்றை எளிய நடையில் எழுதி 2003-இல் வெளியிட்டார். உலக நலவாழ்வு நிறுவனமும் 2010-இல் இத்தகைய வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டது. இன்ன அறிகுறி கண்டால் இதை வினவுக, இவ்விடை வந்தால் இதைச் செய்க என்று படிப்படியாக அது கூறிச் செல்கிறது. நூற்றுக்கணக்கான ஆராய்ச்சிக் கட்டுரைகளின் சாறு அவ்வழிகாட்டியில் உள்ளது. ஆராய்ச்சி இதழ் மலையுச்சியிற் பெய்யும் மழை என்றால், இக்கையேடுகள் வயலுக்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால்கள் எனலாம்.

இன்று கற்கும் மாணவர்களுட் சிலர் நாளை மருத்துவராவர். சிலர் இதழாசிரியராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் நூலகராகவும் விளங்குவர். எத்துறையிற் சென்றாலும் மருத்துவச் செய்தி ஒன்றைப் படிக்கும்போது சில வினாக்களைக் கேட்டுப் பழகுதல் வேண்டும். எத்தனை பேரிடம் சோதித்தனர்? எதனோடு ஒப்பிட்டனர்? எவ்வளவு காலம் கவனித்தனர்? பணம் தந்தவர் யார்? வேறு எவரேனும் செய்து பார்த்தனரா? மோனிஸின் நூல் வெளிவந்த நாளில் இவ்வினாக்களைப் பலர் கேட்டிருந்தால், எத்தனையோ பேர் காப்பாற்றப்பட்டிருப்பர்.

ஆராய்ச்சிக் கட்டுரைகளில் நோயாளியின் பெயர் வருவதில்லை, வரவும் கூடாது. மனநோய்க்கு ஆளானவர் என்னும் சொல்லே ஒருவரின் வேலையையும் திருமணத்தையும் கெடுக்கக்கூடிய உலகில், அவர் மறைவைக் காத்தல் எழுதுவோரின் முதற் கடமை. ஆயினும் கேட்டின் கட்டுரையில் முதலிடம் பெற்ற அப்பெயரற்ற மனிதர் நலமுற்றதையும், மருந்தை விட்டதும் நோய் திரும்பியதையும் படித்தே ஷூ தம் பணியைத் தொடங்கினார். அம்மனிதரை அம்மருந்தே பின்னர் கொன்றது. குருதியை அளந்து கொடுக்க வேண்டும் என்னும் பாடத்தை அவர் போன்றோரின் இறப்பே மருத்துவ உலகிற்கு உணர்த்தியது. இன்று உலகெங்கும் லித்தியம் உண்ணும் நோயாளிகள் குறித்த காலத்தில் தம் குருதியைச் சோதித்துக்கொள்கின்றனர். அச்சோதனையைச் செய்விக்கும் மருத்துவர் பலர் அம்முதல் நோயாளியைப் பற்றிக் கேள்விப்பட்டிரார்; அவருக்கு நேர்ந்த துன்பத்தின் பயன் மட்டும் ஏடுகளின் வழியே அவர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது.